கூட்டத்து ஆங்கிலம்: முடிவுக்கு முன் பேசும் சொற்கள்

அலுவலகத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்துக்குப் போகிற தமிழர் பலருக்கு இலக்கணம் பெரிய தடையாக இருப்பதில்லை. அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொள்வார்கள். மற்றவர் பேசுவது விளங்கும். கேட்டால் பதிலும் சொல்வார்கள். ஆனால் சில நாள் கழித்து, ‘அதெல்லாம் அன்றைக்கே பேசி முடித்தாயிற்றே’ என்று யாராவது சொல்லும்போது திகைத்துப்போவார்கள். தாம் வெறுமனே அபிப்பிராயம் சொன்னதாக நினைத்த இடத்தில் முடிவு எழுதப்பட்டிருக்கும். முடிவெடுத்ததாக நம்பிய இடத்தில் கருத்து மட்டும் கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கும்.

காரணம், முடிவுக்கு முந்தைய பேச்சைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள். டிஸ்கஸ், டிபேட், கன்சல்ட், டெலிபரேட், ஹியரிங், கன்சென்சஸ் என்று அவை ஏராளம். அகராதியைப் புரட்டினால் விவாதி, ஆலோசி, கலந்துபேசு என்று ஏறக்குறைய ஒரே பொருள்தான் கிடைக்கும். கூட்டத்தில் அப்படியில்லை. ஒவ்வொரு சொல்லும் உங்கள் பேச்சுக்கு எவ்வளவு எடை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அழைப்பில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர், அங்கே எதைக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டே உள்ளே போகிறார். அந்தப் பார்வையைப் பழக்குவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

எந்தச் சொல்லிடமும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

கூட்ட அறிவிப்போ மின்னஞ்சலோ வந்ததும், அதில் உள்ள வினைச்சொல்லை அடிக்கோடிட்டு இந்த மூன்றையும் கேளுங்கள்.

1. இந்தப் பேச்சு முடியும்போது தீர்மானம் உண்டா, இல்லையா?
2. கடைசிச் சொல் யாருடையது: பேசுகிற எல்லோருடையதா, அழைத்தவருடையதா, வெளியே இருக்கும் மூன்றாமவருடையதா?
3. நான் சொல்வது எங்கே, எந்த வடிவில் பதிவாகும்?

மூன்றுக்கும் அறிவிப்பிலேயே பதில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கூட்டம் தொடங்கும்போதே ஒரு வாக்கியத்தில் கேட்டுவிடலாம்: “இஸ் திஸ் ஃபார் டிஸ்கஷன் ஆர் ஃபார் டிசிஷன்?” பேசுவதற்கா, முடிவெடுப்பதற்கா என்பதே கேள்வி. இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. நன்றாகக் கூட்டம் நடத்துகிறவர்கள் பொருள்நிரலிலேயே ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இதைக் குறித்துவிடுகிறார்கள்.

முதல் படி: யோசனைகளைத் திறந்துவிடும் சொற்கள்

‘டாக் ஓவர்’, ‘டாக் த்ரூ’ இரண்டும் எளிய, நட்பான சொற்கள். “லெட் அஸ் டாக் இட் ஓவர்” என்றால் உட்கார்ந்து பேசிப் பார்ப்போம் என்று பொருள். ‘டாக் த்ரூ’ என்பதில் ஒவ்வொரு கட்டமாக முழுவதும் பேசிப் பார்ப்பது என்ற அழுத்தம் கூடுதல். இரண்டிலும் தீர்மானம் கட்டாயமில்லை.

இந்தக் குடும்பத்தில் பின்னால் வரும் சிறு சொல் மாறினால் பொருளே மாறிவிடும். “ஷி டாக்டு மி இன்டு இட்” என்றால் அவர் பேசியே என்னை அதற்குச் சம்மதிக்க வைத்துவிட்டார். “ஷி டாக்டு மி அவுட் ஆஃப் இட்” என்றால் பேசியே என்னை அதிலிருந்து விலக்கிவிட்டார். ‘டாக் ஓவர்’ என்பதையும் கவனியுங்கள். பின்னால் விஷயம் வந்தால் கலந்துபேசுவது. ஆள் வந்தால், அவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசி அமுக்குவது. உங்களை யாரேனும் பேசவிடாமல் செய்தால், “ப்ளீஸ் டோன்ட் டாக் ஓவர் மி, லெட் மி ஃபினிஷ்” என்று நிதானமாகச் சொல்லலாம்.

‘பிரெயின்ஸ்டார்ம்’ என்பதற்கு உறுதியான விதிகள் உண்டு. அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன் இந்த முறையைப் பரப்பினார். 1953-இல் வெளியான ‘அப்ளைடு இமாஜினேஷன்’ நூலில் விரிவாக எழுதினார். யாருடைய யோசனையையும் அந்த நேரத்தில் குறை சொல்லக் கூடாது. விசித்திரமான யோசனையும் வரலாம். எண்ணிக்கை கூடினால் நல்லது. ஒருவர் யோசனை மேல் இன்னொருவர் கட்டலாம். ஆகவே இந்தச் சொல்லோடு அழைத்த கூட்டத்தில் ‘இது நடக்காது’ என்று நீங்கள் குறுக்கிடவும் கூடாது, உங்களை யாரும் குறுக்கிடவும் கூடாது. முடிவு வேறொரு நாளுக்கு உரியது.

‘சவுண்ட் அவுட்’ என்றால் அதிகாரபூர்வமாகக் கேட்பதற்கு முன் ஒருவருடைய மனநிலையைத் தனியாக அறிந்துகொள்வது. ‘மூட்’ என்ற வினைச்சொல் இந்திய ஆங்கில நாளிதழ்த் தலைப்புகளில் அடிக்கடி வரும். ஒரு திட்டத்தைப் பேச்சுக்கு முன்வைப்பதுதான் அது, திட்டம் முடிவாகிவிட்டது என்று படிக்க வேண்டாம். அதே சொல்லை ‘மூட் பாயின்ட்’ என்று பெயரடையாகச் சொல்லும்போது நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. பிரிட்டிஷ் வழக்கில் அது இன்னும் விவாதத்துக்கு உரிய விஷயம். அமெரிக்க வழக்கில் இனிப் பேசிப் பயனில்லாத விஷயம்.

இரண்டாம் படி: டிஸ்கஸ், டிபேட்

‘டிஸ்கஸ்’ நாம் அதிகம் சொல்கிற சொல். அதிகம் தவறுகிற சொல்லும் அதுவே. ‘சம்பளத்தைப் பற்றிப் பேசினோம்’ என்று தமிழில் ‘பற்றி’ போட்டே நினைப்பதால், ஆங்கிலத்திலும் ‘டிஸ்கஸ்டு அபவுட் சாலரி’ என்று வந்துவிடுகிறது. வினைச்சொல்லாக வரும்போது ‘அபவுட்’ தேவையில்லை: “வி டிஸ்கஸ்டு தி சாலரி.” பெயர்ச்சொல்லாக வரும்போது மட்டும் சேர்க்கலாம்: “வி ஹேட் எ டிஸ்கஷன் அபவுட் தி சாலரி.”

இலக்கணத்தைவிடப் பெரிய விஷயம், ‘டிஸ்கஷன்’ என்ற சொல் வாக்கெடுப்பைத் தன்னோடு கொண்டுவருவதில்லை என்பது. இந்திய நாடாளுமன்றம் இதற்குத் தெளிவான சான்று. மக்களவை விதி 193-இன் கீழ் நடப்பது குறுகிய நேர விவாதம். உறுப்பினர்கள் பேசுவார்கள், அமைச்சர் பதில் சொல்வார், வாக்கெடுப்பு இல்லை. விதி 184-இன் கீழ் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்து பேசினால் கடைசியில் வாக்கெடுப்பு உண்டு. சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீட்டை அனுமதிக்கும் முடிவு பற்றி 2012 குளிர்காலக் கூட்டத்தொடரில் அவை முடங்கியது இந்த இரண்டு எண்களுக்கு இடையேதான். பேசுவதில் இரு தரப்புக்கும் மறுப்பில்லை. வாக்கெடுப்பு உண்டா என்பதே சண்டை. கடைசியில் விதி 184-இன் கீழ் விவாதம் நடந்தது. டிசம்பர் 5 அன்று, அந்த முடிவை எதிர்த்த தீர்மானத்துக்கு ஆதரவாக 218 வாக்குகளும் எதிராக 253 வாக்குகளும் விழுந்தன, அரசு தப்பியது. எந்தப் பெயரில் பேசுகிறோம் என்பதற்கு நாட்டின் உயர்ந்த அவையே அத்தனை நாள் செலவிட்டிருக்கிறது. உங்கள் சங்கக் கூட்டத்தில் அதற்கு ஒரு நிமிடம் ஒதுக்குவது வீண் இல்லை.

‘டிபேட்’ என்றால் இரண்டு பக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தம் பக்கத்துக்காக வாதாடுவார்கள். விஷயம் இன்னும் தெளிவாகாத நேரத்தில் “லெட் அஸ் டிபேட் இட்” என்றால், ஆட்கள் அவசரமாகப் பக்கம் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த பக்கத்தை விடுவது கடினம். முதலில் ‘டாக் த்ரூ’, பிறகு ‘டிஸ்கஸ்’, தெரிவுகள் இரண்டாகச் சுருங்கிய பிறகு ‘டிபேட்’ என்ற வரிசை பெரும்பாலும் உதவும்.

மூன்றாம் படி: ஹியரிங், கன்சல்டேஷன், கன்சென்ட்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் இரண்டாம் முறை படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். இங்கே சொல் தவறினால் இழப்பது ஒரு கூட்டத்தின் மாலைப்பொழுது அன்று. நிலமும் நீரும்கூட இழக்க நேரலாம்.

‘ஹியரிங்’ என்றால் நீங்கள் சொல்வதைக் கேட்டாக வேண்டும், அவ்வளவுதான். ‘கன்சல்டேஷன்’ என்றால் உங்கள் கருத்தைப் பெற்று, எடுத்துப் பார்த்து, அதன் பிறகு அவர்கள் முடிவெடுப்பார்கள். ‘கன்சென்ட்’ என்றால் உங்கள் இசைவு இல்லாமல் அடுத்த அடி எடுக்க முடியாது. மூன்றும் ஏறுவரிசையில் நிற்கின்றன.

சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் பெரிய தொழிற்சாலை, சுரங்கம் போன்றவற்றுக்கு நாம் கேள்விப்படும் ‘கருத்துக் கேட்புக் கூட்டம்’ இந்த மூன்றில் முதல் இரண்டைச் சேர்ந்தது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதைப் ‘பப்ளிக் கன்சல்டேஷன்’ என்கிறது. அதற்கு இரண்டு பகுதிகள்: இடத்தில் நடக்கும் ‘பப்ளிக் ஹியரிங்’ ஒன்று, எழுத்தில் அனுப்பும் கருத்துகள் இன்னொன்று. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் கிடைக்க வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆகவே ‘யாரும் போகாவிட்டால் கூட்டம் செல்லாது’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். கூட்டத்தின் முடிவில், பேசப்பட்ட கருத்துகளின் தொகுப்பை அங்கேயே வாசித்து, வட்டார மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும் என்றும் விதி இருக்கிறது. பலர் தாம் பேசியதும் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள். நீங்கள் சொன்னது அந்தத் தொகுப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் பெரும்பான்மையோர் எதிர்த்தாலும் திட்டம் தானாக நின்றுவிடாது. கடைசி முடிவு அனுமதி வழங்கும் அதிகார அமைப்பிடம்தான். அதனால்தான் பதிவு இவ்வளவு முக்கியம். பின்னால் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால் கையில் இருப்பது அந்தப் பதிவே.

‘கன்சென்ட்’ எப்படி வேறுபடுகிறது என்பதற்கு 2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். தனியார் நிறுவனங்களுக்காக அரசு நிலம் எடுத்தால், பாதிக்கப்படும் குடும்பங்களில் குறைந்தது 80 விழுக்காட்டினரின் முன்னிசைவு வேண்டும். அரசு, தனியார் கூட்டுத் திட்டம் என்றால் 70 விழுக்காடு. அரசு தன் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுக்கும் நிலத்துக்கு இந்த நிபந்தனை இல்லை. தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைக்கும் தொழில் நோக்கங்களுக்கும் நிலம் எடுக்கத் தனிச் சட்டங்கள் இருப்பதால், வந்திருக்கும் நோட்டீஸ் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதை முதலில் பாருங்கள். அதைப் பொறுத்தே உங்களிடம் கேட்கப்படுவது கருத்தா, இசைவா என்பது தெரியும்.

மக்கள் பேச்சுக்கு முழு எடை கிடைத்தால் என்ன ஆகும் என்பதை ஒடிசாவின் நியம்கிரி காட்டியது. அங்கே பாக்சைட் சுரங்கம் அமைக்கும் திட்டத்தில், டோங்ரியா கோந்த் உள்ளிட்ட மக்களின் சமய, சமூக உரிமைகளைக் கிராம சபைகளே ஆராய்ந்து முடிவு சொல்ல வேண்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது.

‘கன்சல்டேஷன்’ என்ற ஒரே சொல்லின் எடையைப் பற்றி நீதிமன்றமே பல ஆண்டு யோசித்திருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிக்கும்போது தலைமை நீதிபதியைக் ‘கன்சல்ட்’ செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 124-ஆம் பிரிவு. தலைமை நீதிபதியின் ‘கன்கரன்ஸ்’, அதாவது ஒப்புதலே, வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த போக்கர் சாகிப் திருத்தம் கொண்டுவந்தார். 1949 மே 24 அன்று அம்பேத்கர் அதை ஏற்க மறுத்தார். தலைமை நீதிபதியும் குறைநிறைகள் உள்ள மனிதரே, அவருக்குத் தடுக்கும் அதிகாரம் தருவது ஆபத்து என்பது அவர் வாதம். 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கில், கன்சல்டேஷன் என்றால் கன்கரன்ஸ் ஆகாது என்றது உச்ச நீதிமன்றம்; கடைசிச் சொல் அரசிடம் இருந்தது. 1993-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றி, தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்றது. இன்றுள்ள கொலீஜியம் முறை அந்த வாசிப்பிலிருந்து வளர்ந்தது. அரசியலமைப்பில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. அதன் எடை மாறியதால் அதிகாரம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது.

உங்கள் மேலாளர் “வி ஹாவ் கன்சல்டட் தி டீம்” என்று எழுதினால் குழு ஒத்துக்கொண்டது என்று பொருளில்லை. குழு உண்மையில் ஒத்துக்கொண்டிருந்தால், “தி டீம் ஹாஸ் அக்ரீடு” என்று எழுதச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால், “வி வேர் கன்சல்டட், பட் வி டிட் நாட் அக்ரீ” என்று பதில் அனுப்பிவையுங்கள்.

நான்காம் படி: டெலிபரேட், கன்சென்சஸ்

‘டெலிபரேட்’ என்பது முடிவெடுக்கும் பொறுப்பு உள்ளவர்கள் சாதக பாதகங்களை நிறுத்துப் பார்த்து, அவசரமின்றிப் பேசுவது. பிரிட்டன், அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்கைக் கேட்டு முடித்த ஜூரிகள் தனி அறைக்குப் போய்ப் பேசுவதற்கு இதுதான் பெயர். இந்தச் சொல் கண்ணில் பட்டால் முடிவு அருகில் இருக்கிறது என்று பொருள். புதிய யோசனைகளுக்கான நேரம் பெரும்பாலும் கடந்துவிட்டது. உச்சரிப்பிலும் கவனம் வேண்டும். வினைச்சொல்லின் கடைசி அசை ‘ரேட்’ என்று நீளும். பெயரடையில் அது ‘ரட்’ என்று குறுகும். அப்போது ‘வேண்டுமென்றே செய்த’ என்று பொருள். “இட் வாஸ் டெலிபரட்” என்றால் அது தெரிந்தே செய்தது.

‘கன்சென்சஸ்’ என்பதை எல்லோரும் ஒருமனதாக விரும்பியது என்று நினைக்க வேண்டாம். அதற்கு ‘யூனானிமஸ்’ என்ற சொல் இருக்கிறது. கன்சென்சஸ் என்றால் யாரும் வாக்கெடுப்பு கேட்கும் அளவுக்கு எதிர்க்கவில்லை. எல்லோரும் ஏற்று நடக்கத் தயார். ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்களின் வாக்குகளுக்கு எல்லாம் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு எடை. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 279ஏ பிரிவு. இத்தனை விதி இருந்தும் கவுன்சில் கருத்தொற்றுமையாலேயே முடிவுகளை எடுத்துவந்தது. 2019 டிசம்பரில் லாட்டரி வரி விகிதத்துக்காகத்தான் முதல்முறை வாக்கெடுப்பு நடந்தது.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் உண்டு. கன்சென்சஸ் முறையில் மௌனம் சம்மதமாகவே கணக்கிடப்படும். தலைவர் “ஐ டேக் இட் வி ஹாவ் எ கன்சென்சஸ்” என்று சொல்லிச் சற்று நிறுத்துவார். உங்களுக்கு மறுப்பு இருந்தால் பேச வேண்டிய கணம் அதுவே: “நாட் யெட். ஐ ஹாவ் எ கன்சர்ன்.” தேநீர் வேளையில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லும் மறுப்பு எங்கும் ஏறாது.

மோஷன், செகண்ட், டேபிள்

முறைப்படி நடக்கும் கூட்டங்களில் முன்மொழிவுக்கு ‘மோஷன்’ என்று பெயர். “ஐ மூவ் தட் வி ரிப்லேஸ் தி லிஃப்ட்” என்று ஒருவர் சொல்ல, “ஐ செகண்ட் இட்” என்று இன்னொருவர் வழிமொழிவார். அமெரிக்கப் படையில் பொறியாளராக இருந்த ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876-இல் வெளியிட்ட கூட்ட விதி நூல் இந்த முறையைப் பரவலாக்கியது. அதன்படி வழிமொழிவது, முன்மொழிவை ஆதரிப்பதாக ஆகாது. அது பேசத் தகுந்த விஷயம் என்று ஒப்புக்கொள்வது மட்டுமே. ஆகவே நீங்கள் எதிர்க்கப்போகும் விஷயத்தைக்கூட, பேசித் தீர்க்க வேண்டும் என்று எண்ணினால் வழிமொழியலாம். பேச்சை நிறுத்தி உடனே வாக்கெடுப்புக்குப் போக வேண்டும் என்று ஒருவர் கோரினால், அந்தக் கோரிக்கைக்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. பேசாதவர் வாயை எளிதாக அடைத்துவிடக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது.

‘டேபிள்’ என்ற சொல்லில் பள்ளம் இருக்கிறது. பிரிட்டனில் ஒன்றை டேபிள் செய்தால் அதை இப்போதே பேச்சுக்கு எடுக்கிறோம். அமெரிக்காவில் டேபிள் செய்தால் அதைத் தள்ளிவைக்கிறோம். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டுப் படைத் தலைமை அதிகாரிகள் ஓர் அறிக்கையை டேபிள் செய்வதா வேண்டாமா என்று நெடுநேரம் மல்லுக்கட்டியதையும், இரு தரப்பும் விரும்பியது ஒன்றே என்று பிறகுதான் புரிந்ததையும் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இந்திய நாடாளுமன்றத்தில் ஆவணங்களை ‘டேபிள்’ செய்வது அவைமுன் வைப்பது. பிரிட்டிஷ் வழக்கை ஒட்டியது. சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்க வாடிக்கையாளரோடு பேசுகிறவர்கள் இந்தச் சொல்லைத் தவிர்ப்பதே நல்லது. இப்போது பேச வேண்டுமானால் “லெட் அஸ் டேக் இட் அப் நவ்”, தள்ளிவைக்க வேண்டுமானால் “லெட் அஸ் போஸ்ட்போன் இட்” என்றால் குழப்பம் வராது.

மினிட்ஸ்: பேசியது எழுத்தாகும் இடம்

கூட்டம் முடிந்து வரும் மினிட்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வினைச்சொல் இருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

‘நோட்டட்’: தகவல் தெரிவிக்கப்பட்டது. யாரும் எதையும் ஏற்கவில்லை.
‘டிஸ்கஸ்டு’: பேசினார்கள். முடிவில்லை.
‘டிஃபர்டு’: அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது. எந்தக் கூட்டம் என்று தேதி கேளுங்கள்.
‘ரெக்கமெண்டட்’: பரிந்துரைத்தார்கள். ஏற்பதா என்று வேறொருவர் முடிவெடுப்பார்.
‘ரிசால்வ்டு’: தீர்மானித்தாயிற்று. இனி இது கட்டுப்படுத்தும்.
‘ராட்டிஃபைடு’: முன்பே செய்துவிட்டதற்கு இப்போது ஒப்புதல் தந்தார்கள்.

நீங்கள் ஒரு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தால் 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் உங்கள் பேச்சைக் காக்கிறது. இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது பிரிவு 173. ஒரு தீர்மானத்துக்கு உடன்படாத இயக்குநரின் பெயர் மினிட்ஸில் இடம்பெற வேண்டும் என்கிறது பிரிவு 118. கூட்டம் கூட்டாமல் சுற்றுக்கு அனுப்பும் தீர்மானத்தை, இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கேட்டால், கூட்டத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 175. கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று தாள் வந்தால், நேரில் பேச வேண்டும் என்று கேட்கும் உரிமை அது.

மினிட்ஸ் வந்தவுடன் படித்து, மாறாக இருந்தால் அன்றே எழுதுங்கள்: “தி மினிட்ஸ் ஸே ரிசால்வ்டு. மை அண்டர்ஸ்டாண்டிங் இஸ் தட் வி ஒன்லி டிஸ்கஸ்டு இட்.” அடுத்த கூட்டத்தில் மினிட்ஸை உறுதிசெய்துவிட்டால் திருத்துவது கடினமாகிவிடும்.

கையில் வைத்துக்கொள்ள எட்டு வாக்கியங்கள்

இவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கூட்டத்தில் தயங்குவது பெரும்பாலும் சொல் தெரியாததால் அன்று. அந்த நேரத்தில் நாவுக்கு வராததால்.

1. தெளிவு கேட்க: “ஹூ வில் மேக் தி ஃபைனல் டிசிஷன்?”
2. புரிந்ததைச் சரிபார்க்க: “லெட் மி செக் இஃப் ஐ அண்டர்ஸ்டுட் யூ.”
3. அவகாசம் கேட்க: “ஐ வுட் லைக் டு ஸ்லீப் ஆன் இட்.” இன்று இரவு யோசித்து நாளை சொல்கிறேன் என்று பொருள்.
4. பணிவாக மறுக்க: “ஐ ஸீ இட் டிஃபரன்ட்லி.”
5. எல்லோரும் ஒரே பக்கம் சாயும்போது எதிர்ப்பக்கத்தைச் சோதிக்க: “லெட் மி ப்ளே டெவில்ஸ் அட்வகேட்.” கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவரைப் புனிதராக அறிவிக்கும் முன், எதிரான காரணங்களை எடுத்துச்சொல்லவே ஓர் அதிகாரி இருந்தார், தொடர் அந்தப் பொறுப்பிலிருந்து வந்தது. இதைச் சொல்லிவிட்டுப் பேசினால் உங்கள் வாதத்தை உங்கள் சொந்த நிலையாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.
6. பேசாதவரைப் பேசவைக்க: “கேன் வி ஹியர் ஃப்ரம் தோஸ் ஹூ ஹாவ் நாட் ஸ்போக்கன்?”
7. மறுப்பைப் பதிவுசெய்ய: “ப்ளீஸ் ரெக்கார்டு மை டிசென்ட்.”
8. முடிவை உறுதிசெய்ய: “ஸோ வாட் எக்ஸாக்ட்லி ஹாவ் வி டிசைடட்?”

ஆறாவது வாக்கியத்தை மற்றவர்களுக்காகவும் எடுத்து வையுங்கள். ஆங்கிலம் சரளமாக வராத ஒருவருக்குத்தான் லிஃப்டில் தினமும் என்ன கோளாறு என்பது தெரிந்திருக்கும். அவர் தமிழில் சொல்லட்டும், நீங்கள் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லுங்கள். அவர் சொல்லாமல் போனால் நட்டம் அவருக்கு மட்டுமில்லை. தவறான முடிவின் செலவு எல்லோர் தலையிலும் விழும்.

பயிற்சி

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் உங்களுக்கு மூன்று செய்திகள் அனுப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அ. “மெம்பர்ஸ் ஆர் இன்வைட்டட் டு டிஸ்கஸ் தி லிஃப்ட் ரிப்லேஸ்மென்ட் ஆன் சண்டே.”
ஆ. “தி கமிட்டி ஹாஸ் கன்சல்டட் ரெசிடன்ட்ஸ் அண்ட் வில் ப்ரொசீடு.”
இ. “இட் வாஸ் ரிசால்வ்டு பை கன்சென்சஸ் டு கலெக்ட் தி அமவுன்ட் ஃப்ரம் ஈச் ஃப்ளாட்.”

ஒவ்வொன்றின் வினைச்சொல்லையும் அடிக்கோடிட்டு, தொடக்கத்தில் சொன்ன மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் நீங்கள் அனுப்பும் பதிலை இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். முதல் செய்திக்கு, அன்றைக்கே முடிவெடுப்பார்களா என்று கேட்டு எழுதுவது சரியான விடை. இரண்டாவதற்கு, உங்களைக் கேட்டார்களா, கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதைக் குறித்து அனுப்ப வேண்டும். மூன்றாவதற்கு, நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்களா, தலைவர் கேட்டபோது மறுப்புச் சொன்னீர்களா என்பதைப் பொறுத்து விடை மாறும். மூன்றையும் எழுதி முடித்ததும், உங்களுக்கு அண்மையில் வந்த உண்மையான கூட்ட அறிவிப்பு ஒன்றை எடுத்து அதே வேலையைச் செய்யுங்கள். பதில் அனுப்ப வேண்டியிருந்தால் கூட்டத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.